நாற்காலிகள் போட்ட திட்டம்

“மரத்தை வெட்டினா நான் சாப்பிடவே மாட்டேன்!”

“சாப்பிடாட்டி போ! சிமென்ட் போட்டா தோட்டம் மொத்தமும் போடணும். நடுவுல மரம் நின்னா நாற்காலியை எங்க போடுறது?”

வெள்ளானூரில் பால்ராஜும் அவர் மகள் ரெனிதாவும் கொல்லையில் போட்ட சத்தம், தெருக்கோடி மாடியில் துணி உலர்த்தியவர்களுக்கே கேட்டது. கேட்காதவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஆக்னஸ் ஆன்ட்டி போய்ச் சொல்லிவிட்டார்.

அந்தச் சீதாப்பழ மரம், ரெனிதா எப்போதோ துப்பிய விதையில் முளைத்தது. இந்த வருடம்தான் முதன்முதலாகப் பிஞ்சு விட்டிருந்தது.

பால்ராஜின் கவலை வேறு. மாதா கோயில்காரர்கள் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பார்கள். அன்பியக் கூட்டம் என்று பெயர். போன முறை இந்த மண்ணில் நாற்காலி புதைந்து, ஜெபம் நடத்திய உபதேசியார் சாய்ந்துவிட்டார். ஜெபம் பாதியில் நின்றது, சிரிப்பு நிற்கவில்லை.

“சுவர் ஓரமா வரிசையா நாற்காலி, வாசப்படியிலேர்ந்து நேரா ஒரு பாதை. திங்கக்கிழமை கொத்தனார் வர்றார். பேச்சு முடிஞ்சுது” என்றார் பால்ராஜ்.

ரெனிதா அழுது பார்த்தாள். பலிக்கவில்லை. சரி, அழுகை வேலைக்கு ஆகாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை கூட்டம் அவர்கள் வீட்டில்தான். மத்தியானமே கொல்லை முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டாள்.

“தூசி பறக்கக் கூடாதுன்னு பண்றா பாருங்க” என்று பெருமைப்பட்டாள் அம்மா அருள்செல்வி. ரெனிதா இன்னொரு வாளி தண்ணீர் எடுக்கப் போனாள்.

பால்ராஜ் சுவர் ஓரமாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். மேற்கு வெயில் சுவரில் சுள்ளென்று அடித்தது. முதலில் ஆக்னஸ் ஆன்ட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மர நிழலுக்குப் போனார். பின்னாலேயே உபதேசியார். கடைசியில் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே பால்ராஜும் போனார்.

கூட்டம் முடிந்ததும், “யாரும் இழுக்காதீங்க, நானே எடுக்குறேன்” என்றாள் ரெனிதா. ஒவ்வொரு நாற்காலியாக நேரே மேலே தூக்கினாள். ஈர மண்ணில் கால்கள் பதிந்த குழிகள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றிக் கோலமாவால் கோடு இழுத்தாள். வாசப்படியிலிருந்து மரத்துக்கும், அங்கிருந்து துவைக்கிற கல்லுக்கும் போன காலடித் தடங்களுக்கும் இரண்டு பக்கமும் கோடு.

மறுநாள் கொத்தனார் லட்சுமணன் வந்து பார்த்தார். “இன்னா சார், நீ ஒண்ணு சொன்ன, இங்க வேற கோடு கீதே?”

“இதெல்லாம் யாரு போட்டது?” என்றார் பால்ராஜ்.

“நீங்க எல்லாரும் உக்காந்த இடம்ப்பா. நடந்த வழி. நான் கோலமாவு மட்டும்தான் போட்டேன்.”

“மரத்தை ஒட்டிக்கினு ஒருத்தர் குந்திகீறாரே, அது யாரு?”

“அது அப்பா.”

அருள்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பால்ராஜ் கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். “சரி, இப்படியே போடுங்க.”

“மரத்தைச் சுத்தி மண்ணை விட்டுடுங்க அண்ணா. அது தண்ணி குடிக்கணும்” என்றாள் ரெனிதா.

மரத்தைச் சுற்றிப் பிறை போல ஒரு தளம், அதற்கு வளைந்து போகும் ஒரு பாதை. “கோணலா இருக்கே!” என்று ஆக்னஸ் ஆன்ட்டி தெரு முழுக்கச் சொல்லி வந்தார்.

பிறகு அவர் மகன் பெனிட்டோவுக்குக் கல்யாணமாகி, குடும்பமே காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட் பார்த்துப் போய்விட்டது. சீதாப்பழம் பழுக்கும் காலத்தில் மட்டும் ஆன்ட்டி பெரிய பையோடு வெள்ளானூருக்கு வருகிறார். கோணலைப் பற்றி மூச்சு விடுவதில்லை.