இந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டவை

சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

எட்டு மாதமாகக் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் பேசி அனுப்பும் அறிக்கைகளை அவள் வீட்டிலிருந்தே டைப் செய்யும்போது, ஒவ்வொரு சொட்டும் பிளாஸ்டிக் வாளியில் விழுந்து, யாரோ பிடரியில் ஒரு விரலால் தட்டுவதுபோல் இருக்கும். இப்போது மத்தியானம் மூன்று மணி, மழை வரப்போகிற இருட்டு, ஜன்னலில் துளிக் காற்றில்லை. கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி 'நான்கில் முதல் பாகம் முடிந்தது' என்று எழுத்து வந்த அதே நேரத்தில்தான் சொட்டும் நின்றது என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

பதினான்கு மாதமாக 'பிறகு நினைவூட்டு' என்பதையே அமுக்கி வந்தவள். இன்றைக்கு ஆஸ்பத்திரி மென்பொருள் பழைய பதிப்பில் இனித் திறக்க மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டதால், அப்டேட்டை ஓடவிட்டாள். நாலு பக்க ஒப்பந்தம் வந்தது. எவன் படிப்பான்? 'ஏற்கிறேன்' என்று அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மேஜையில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரல் வலிக்கிறது என்று புலம்பியதால் போன மாதம் புருஷன் மாட்டிக்கொடுத்தது. பேசினால் அதுவே டைப் செய்யும்.

எழுந்து போய்க் குளியலறை விளக்கைப் போட்டாள்.

குழாய் இல்லை. கழற்றிய ஓட்டையும் இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் மட்டும், ஒட்டுத் தெரியாமல், வழவழவென்று. ஈர சிமென்ட் வாசனை. தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, பாத்ரூம் குழாயை எடுத்துட்டீங்களா?”

“நான் எங்க எடுத்தேன்? அதைத் தொடவே இல்லைனுதானே தினம் மூணு வேளை திட்டு வாங்குறேன்.”

“விளையாடாதீங்க. குழாயே இல்ல.”

“சொட்டல இல்ல? சந்தோஷமா இரு. அப்டேட் ஓடுதா?”

“ஓடுது.”

“நடுவுல மட்டும் நிறுத்திடாத. உன் கோவத்துக்கு ஒயரைப் பிடுங்கிப் போட்டேனு வை, அரைகுறையா நின்னுடும். முன்னாடியும் போகாது, பின்னாடியும் போகாது.”

வைத்துவிட்டான். வெளியே எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. தெருவில் எந்த வண்டி போனாலும் அது குரைக்கும், வண்டி போன பிறகும் அரை மணி நேரம் குரைக்கும். அவள் மேஜைக்குத் திரும்பினாள். 'நான்கில் இரண்டாம் பாகம் முடிந்தது.'

குரைப்பு பாதியில் அறுந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாய் அங்கேயேதான் நின்றது, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் குனிந்து. வால் ஆடியது. தலையைக் கிண்ணத்துக்குள் முட்டியது, எடுத்தது, மறுபடி முட்டியது. தண்ணீர் சிதறியதே தவிர, நாக்கால் நக்கும் சத்தம் வரவில்லை. எத்தனை தடவை முட்டியது என்று எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். அது திரும்பிப் பார்ப்பதற்குள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

கம்ப்யூட்டரில், புள்ளிகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'இந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டவை.' இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை அவள். இன்றைக்குத் திறந்தாள்.

'1. குளியலறைச் சொட்டு. சரிசெய்யப்பட்டது. பயனர் கருத்து: இந்தச் சனியன் பிடிச்ச குழாயை எவனாவது அடைச்சுத் தொலைங்களேன்.'

'2. எதிர்வீட்டு நாய். சரிசெய்யப்பட்டது. பயனர் கருத்து: அந்த நாய் வாயை யாராவது மூடுங்கப்பா.'

தேதி இருந்தது. நேரம் இருந்தது. வார்த்தைகள் அவளுடையவை. டைப் செய்யும்போது தனக்குத்தானே முணுமுணுத்தவை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'3. மேல்வீட்டுக்காரர். நிறுவப்படுகிறது. பயனர் கருத்து: எப்பப் பாரு தொம் தொம்னு. அந்த ஆளுக்குக் காலே இல்லாம இருந்தா என்ன?'

தலைக்கு மேலே கட்டைச் செருப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து ஜன்னலுக்கு. அண்ணாந்து பார்த்தாள். பாதி வழியில் நின்றது. கனமாக ஏதோ விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கைகள் தரையில் அறையும் சத்தம். ஒன்று. இரண்டு. எதையோ இழுக்கும் சத்தம்.

பட்டியலில் இன்னும் ஒன்று இருந்தது.

'4. ரேடியோ.'

ரேடியோ அவள் மகள். ஏழு வயது. வாய் ஓயாது என்பதால் வீட்டில் அந்தப் பெயர். காலையில், வேன் வந்து ஹாரன் அடிக்கும்போதும், ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் யாரோ பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

'பயனர் கருத்து, இன்று காலை 7:52: வாயை மூடித் தொலையேன்டி. உனக்கு வாயே இல்லாம இருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி.'

'நிறுவப்படுகிறது. 71%.'

“வேண்டாம்,” என்றாள் மைக்கிடம். “அது சும்மா சொன்னது. கோவத்துல சொன்னது. எல்லா அம்மாவும் சொல்றதுதான். வேண்டாம்.”

திரையில் ஒரு பெட்டி எழுந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்.'

80%.

மவுஸை அமுக்கினாள். பெட்டி மூடியது. ரத்து செய்ய எங்கும் பொத்தான் இல்லை. வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்தது.

“சொல்லுங்கக்கா.”

“எங்க பாப்பா வண்டியில இருக்காளா?”

“இல்லாமலா? பின்னாடி கேக்குதே, அவதான். பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சா, இன்னும் மூச்சே விடல.”

கேட்டது. எஞ்சின் இரைச்சலுக்கு மேல், மற்றப் பிள்ளைகளுக்கு மேல், அந்தக் குரல். “அப்புறம் என்னாச்சுன்னா, டீச்சர் வந்து, அந்தப் பென்சிலை…”

91%.

“தம்பி, வண்டியை நிறுத்துங்க. அவகிட்டப் போனைக் குடுங்க.”

“வந்துட்டோம்க்கா, உங்க தெரு முனைதான்.”

“…அந்தப் பென்சிலை எடுத்து, என்னைப் பார்த்து…”

96%.

குரல் அறுந்தது.

“அட,” என்றார் டிரைவர். “ரேடியோ நின்னுடுச்சு.”

அவள் மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். கையில் அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினாள். பிளக் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. கம்ப்யூட்டருக்குள் விசிறி நின்றது. திரை கறுத்தது.

முட்டிபோட்டபடியே இருந்தாள். நிறுத்திவிட்டேன், என்று நினைத்தாள். முடிவதற்குள் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் புருஷன் சொன்னது ஞாபகம் வந்தது.

கீழே வேன் கதவு திறந்து மூடியது.

மற்ற நாட்களில் மகளுக்கு ஒரு மாடி முன்னாலேயே அவள் குரல் வந்துவிடும். இன்றைக்கு ஷூச் சத்தம் மட்டும். ஒரு படி. இன்னொரு படி. தண்ணீர் பாட்டில் கைப்பிடிக் கம்பியில் இடித்தது.

கதவு திறந்தது.

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஷூவைக் கழற்றினாள். ஈர சிமென்ட் வாசனை வந்தது. பையை ஆணியில் மாட்டினாள். திரும்பினாள்.

மூக்கு. அதற்குக் கீழே தாடை. நடுவில் ஒன்றுமில்லை. ஒட்டுத் தெரியாமல், வழவழவென்று.

குழந்தை அழவில்லை. அவளுக்குத் தெரியவே இல்லை. கண்ணை அகல விரித்தாள். புருவத்தை ஏற்றினாள். ஒரு விரலை மூக்குக்குள் விடுவதுபோல் காட்டி, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு தலையைச் சாய்த்து, அம்மா பதில் சொல்லட்டும் என்று நின்றாள்.

அம்மா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால், ஒயர் பிடுங்கிய மேஜையில், மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதில் வரவில்லை என்றதும் மகள் மறுபடி ஆரம்பித்தாள். முதலிலிருந்து. அந்த வழவழப்புக்குக் கீழே அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது.