பாலத்துக்கு அந்தப் பக்கம்

அறுபத்தோரு வயதில் ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்ட பெரில், அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குத் தன் சின்னக் காரை ஹேசில்பெக் பாலத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நவம்பர் மாதம். அதற்குள் பொழுது மங்கிவிட்டது. ஆற்றிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் பாலத்தின் பாதியை விழுங்கியிருந்தது. தாண்டினால் இரண்டு மைலில் வீடு.

பக்கத்து இருக்கையில் ஜெரால்ட். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், அடுத்த வீட்டுக்காரன், செத்துப்போன அவள் கணவன் நார்மனின் நாற்பது வருட நண்பன். காரிலிருந்து கழற்றிய சிவப்பு எல் பலகைகளை மடியில் வைத்திருந்தான்.

"டெஸ்ட் எடுத்த ஆளு கடைசியில என்ன சொன்னான்?" என்றான்.

"இவ்வளவு மெதுவா ஓட்டி யாரும் பாஸ் பண்ணிப் பார்த்ததில்லைன்னான்."

"பாஸ்னு சொன்னானில்ல, அது போதும். வீட்டுல கேக் இருக்கா?"

"உனக்கு இல்லாமலா."

இருவரும் சிரித்தார்கள். இந்த இடத்தில் உட்கார்ந்து தன்னால் சிரிக்க முடிகிறதே என்று பெரிலுக்கே ஆச்சரியமாக இருந்தது. நார்மனின் கார் விழுந்தது இங்கேதான்.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பழைய கல் பாலம். இந்தப் பக்கத்திலிருந்து வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும், பலகை வைத்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பனி நாளில் நார்மன் இங்கே ஒழுங்காக நின்றான். எதிரே ஜெரால்டின் கார். ஜெரால்ட் விளக்கை இரண்டு முறை சிமிட்டினான். நார்மன் பாலத்தில் ஏறினான். ஜெரால்டும் ஏறினான். நடுவில் மோதி, கைப்பிடிச் சுவர் உடைந்து, நார்மனின் கார் ஆற்றில் விழுந்தது.

அந்த வட்டாரத்தில் எதிரே நிற்பவர் விளக்கைச் சிமிட்டினால் 'நீங்க முதல்ல வாங்க' என்று அர்த்தம். பால் வண்டி ஓட்டுபவரிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் அப்படித்தான். அரசாங்கத்தின் சாலை விதிப் புத்தகமோ வேறு சொல்கிறது: 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே விளக்கைச் சிமிட்டலாம், வேறு எதற்கும் கூடாது. தேர்வுக்கு முதல் நாள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோவார்கள்.

மரண விசாரணையில் ஜெரால்ட் அந்த வரியை வாய்விட்டுப் படித்தான். தான் வருவதை எச்சரிக்கத்தான் சிமிட்டியதாகச் சொன்னான். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் சொல்லும்போது யார் மறுப்பார்கள்? தப்பு நார்மன்மேல் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

நார்மன் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் உயிரோடு இருந்தான். "ஜெரால்ட்தான் வான்னு கூப்பிட்டான், பெரில்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விசாரணையில் பெரில் அதைச் சொல்லவில்லை. மருந்து மயக்கத்தில் உளறியதைச் சபையில் சொல்லி அவன் மானத்தை வாங்காதே என்று ஜெரால்ட் கேட்டுக்கொண்டிருந்தான். அவளும் நம்பினாள். கல்லறையில் பூ வைக்கப் போகும்போதெல்லாம், அவசரக்காரா என்று அவனைத் திட்டிவிட்டுத்தான் வருவாள்.

"கெளம்பு, பெரில். யாரும் வரலை."

அவள் கியரில் கை வைத்தாள். அப்போது பனிக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம், அசையாமல் நின்றன.

சிமிட்டின. இரண்டு முறை.

பெரில் நகரவில்லை. காருக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கணுக்காலில் குளிர் ஏறியது. ஈரக் கம்பளியும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு நாற்றம் வந்தது. ஆஸ்பத்திரியில் நார்மனின் கோட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையைத் திறந்தபோது வந்த நாற்றம் இது.

மறுபடி இரண்டு முறை.

"வரச் சொல்றாங்க" என்று முணுமுணுத்தாள்.

"போகாதே." ஜெரால்ட் அவளைத் தடுத்தான். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதுக்கு அர்த்தம் அது இல்லை. நான் இங்க இருக்கேன்னு மட்டும்தான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

விளக்குகள் பதில் சொல்வதுபோலச் சிமிட்டின.

ஜெரால்ட் காரின் முன்கண்ணாடியை நோக்கிக் குனிந்தான்.

"நார்மன், போதும்டா" என்றான்.

பெரில் மெல்லத் திரும்பினாள். "யாரைக் கூப்பிட்டே?"

அவனிடமிருந்து எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"நான்தான் வரச் சொன்னேன். வழிவிட்டுத்தான் லைட்டடிச்சேன். அவன் அசையவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே அவனை, ரெண்டு பக்கமும் நாலு தடவை பார்ப்பான். நாலு மணிக்கு எனக்கு ஒரு பாடம் இருந்தது. கவனிக்கலை போலன்னு நெனச்சு நான் கெளம்பிட்டேன். அதே நேரம் அவனும் கெளம்பிட்டான்."

"அப்புறம் புத்தகத்தை எடுத்துப் படிச்சே."

"இதைச் சொல்லியிருந்தா என் லைசன்ஸ் போயிருக்கும். அப்புறம் நான் என்ன பண்றது? புத்தகத்துல இருந்ததைத்தானே படிச்சேன்."

"ஆஸ்பத்திரியில அவன் எங்கிட்ட சொன்னான், ஜெரால்ட்."

"நீ நம்பலையே." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன், சரி. கூடவே வாழ்ந்தவ நீ. உனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

நாலு தடவை பார்ப்பவனைத்தான் பெரில் மூன்று வருடமாக அவசரக்காரா என்று திட்டியிருக்கிறாள். அவனைத் தள்ளிவிட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேக் சுட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"இதை நாளைக்குப் போலீஸ்ல சொல்லு."

"மாட்டேன். நீ போய்ச் சொன்னா இல்லைம்பேன். இங்க வேற யாரு கேட்டாங்க?"

எதிரே விளக்குகள் அணைந்தன.

"எறங்கு" என்றாள் பெரில்.

"இந்தப் பனியிலயா? ரெண்டு மைல் இருக்கு."

"நடைபாதை இல்லாத ரோட்டுல, எதிரே வர்ற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமா நடக்கணும். நீ சொல்லிக்கொடுத்ததுதான். புத்தகத்துலயும் இருக்கு."

அவன் இறங்கினான். பலகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது ஓரமாகவே பாலத்தில் ஏறினான். பனி அவனை முழங்காலில் பிடித்து, இடுப்பில் பிடித்து, முழுசாக மூடியது. காலடிச் சத்தம் மட்டும் கல்லில் கேட்டது.

நடுப்பாலத்தில் அதுவும் நின்றது.

அந்தப் பக்கம் விளக்குகள் எரிந்தன. இரண்டு முறை சிமிட்டின.

"சரிடா, வர்றேன்" என்று ஜெரால்ட் சொல்வது அவளுக்குக் கேட்டது.

காலடிகள் மறுபடி தொடங்கின. அப்போது எஞ்சின் கிளம்பியது. பெரிலுக்குத் தெரிந்த எஞ்சின். தினமும் மாலையில் இருபது வருடம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்ற எஞ்சின். அந்தக் காரை அவள் கண்முன்னால்தான் பழைய இரும்புக்காரர் நசுக்கித் தூக்கிப் போனார்.

சத்தம் பாலத்தில் ஏறியது. அவள் பக்கம் வரவே இல்லை.

மோதல் இல்லை. அலறல் இல்லை. ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரில் ஜெரால்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், கடைசியில் நடை வேகத்தில் காரைப் பாலத்தின் மேல் செலுத்தினாள். அங்கே ஆள் இல்லை. அந்தப் பக்கம் கார் எதுவும் இல்லை.

ஜெரால்டின் உடல் மறுநாள் காலையில் கால் மைல் கீழே நாணலில் கிடைத்தது. நண்பகலில் ஓர் இளம் கான்ஸ்டபிள் பெரிலின் சமையலறையில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் அவரை எறக்கிவிட்டீங்க."

"ஆமா. அந்தப் பக்கம் ஒரு கார் நின்னுது. அவரை வரச் சொல்லி லைட்டடிச்சுது. அவரும் நம்பிப் போனார்."

"லைட்டடிச்சா வரச் சொல்றதா அர்த்தம் இல்லைங்க, மேடம். புத்தகத்துல தெளிவா இருக்கு." ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். "அவர் உங்ககிட்ட ஒத்துக்கிட்டதா சொல்றீங்களே, அதை வேற யாராவது கேட்டாங்களா?"

"நார்மன் கேட்டார்."

பேனா நின்றது. அந்தப் பெயரை அவன் எழுதிக்கொள்ளவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லி, எதிரே இருப்பவர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்று பெரிலுக்கு அப்போது தெரிந்தது. கட்டிலில் கிடந்தபடி நார்மன் அவள் முகத்தைத்தான் அப்படிப் பார்த்திருக்க வேண்டும்.

"வெளியூர் எங்கயும் போயிடாதீங்க. மறுபடி பேச வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கான்ஸ்டபிள் எழுந்தான்.

அவள் சன்னலருகே நின்று பார்த்தாள். பனி விலகி நல்ல வெளிச்சம். போலீஸ் கார் வாசல் கேட்டுக்கு வந்து, ரோட்டில் ஏறுவதற்கு முன் நின்றது. அவன் வலது பக்கம் பார்த்தான். யாருக்கோ காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு, வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல அங்கே எல்லோரும் செய்வதுபோல, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, காரை ரோட்டில் ஏற்றினான்.

ரோட்டில் எந்த வண்டியும் இல்லை.