டீனைக் கவிழ்த்த நண்டு!

"ஐயோ...!"

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியே அதிர்ந்தது.

லண்டன். 2004. பட்டப்பகல்!

அலறியவள் பிரமிளா. மாணவர் பதிவுப் பிரிவில் எழுத்தர். யாழ்ப்பாணத்துக்காரி. வால்தம்ஸ்டோவிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவள்.

பணியாளர் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு முன்னால்... மல்லாந்து கிடந்தார் கலைப் பீடத்தின் டீன்!

முகம் தக்காளி. கண்கள் செருகல். வாயோரம் சிவப்பாய் வழிந்தது...

ரத்தமா?

இல்லை. நண்டுக் கறி!

பாதுகாப்பு அதிகாரி லெட்சுமணன் ஓடி வந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, லண்டனிலேயே தங்கிவிட்ட மனிதர்.

"மூச்சு இருக்கும்மா! பயப்படாத!"

"அண்ணை... அது என்ர மத்தியானச் சாப்பாடு!"

"அடிக்கடி காணாமப் போகுதுன்னு சொன்னியே, அதுவா?"

"ஓம்! வெறும் பெட்டிதான் மிஞ்சும். நண்டுக் கோதைக்கூட விட்டு வைக்கிறேல்லை!"

"அப்போ திருடன் இவருதான்!"

டீன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தண்ணி... இன்னிக்குத்தான்... முதல் தடவை... சத்தியமா..."

"மாட்டிக்கிட்ட எல்லாருக்கும் அதுதான் சார் முதல் தடவை!"

டக்... டக்... டக்...

குதிகால் செருப்பின் சத்தம்.

கத்தரின்! மனிதவளத் துறைத் தலைவி. பணியாளர் நடத்தை விதிகளை எழுதியவளே அவள்தான். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை போகும். வேலை போனால் பிரமிளாவின் வொர்க் பெர்மிட்டும் போகும்...

"யார் சமைச்சது?" ஆங்கிலத்தில் சீறினாள்.

"நான்தான், மேடம்."

"என்ன விஷம்?"

"மிளகாய்த்தூள்!"

"வேணும்னே அள்ளிக் கொட்டியிருக்கே! திருடனுக்குப் பொறி வெச்சு, டீனைக் கொல்லப் பாத்திருக்கே! கடும் ஒழுங்கீனம். இன்னிக்கே மேசையைக் காலி பண்ணு!"

"நான் ஒண்டும் கூடப் போடேல்லை! என்ர ஆறு வயசு மகள் சாப்பிடுற கறி இது!"

"பொய்!"

"பொறுங்க மேடம், நான் பார்க்கிறேன்." லெட்சுமணன் கரண்டியை எடுத்தார். ஒரே ஒரு வாய்...

நெற்றியில் வியர்வை. கண்ணில் அருவி. காதில் விசில்!

"அம்மாடியோவ்...! ஒ... ஒண்ணுமில்ல மேடம்... சும்மா... காரம்..."

"பாத்தியா? உன் சாட்சியே அழுறார்!"

பிரமிளா பெட்டியைத் தூக்கி நீட்டினாள்.

"அப்ப நீங்களே ருசி பாருங்கோ. பிறகு என்னை அனுப்புங்கோ!"

கத்தரின் மறுக்கத்தான் நினைத்தாள். ஆனால் வாசனை முந்திக்கொண்டது!

"எனக்கென்ன பயம்?"

அள்ளினாள். மென்றாள்.

வியர்வை? இல்லை!

கண்ணீர்? சொட்டுக்கூட இல்லை!

இன்னொரு கரண்டி. அப்புறம் ஒரு நண்டுக்கால். பல்லிடுக்கில் வைத்து 'கடக்' என்று உடைத்தாள். 'சுர்ர்ர்' என்று உறிஞ்சினாள். பரம்பரை பரம்பரையாய் நண்டு தின்றவர்கள்கூட இப்படி உறிஞ்சியதில்லை!

"இதுவா காரம்? ஹ! போன செவ்வாய்க்கிழமை வெச்சது இதைவிட..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.



டீன் தரையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். "நான்தான் சொன்னேனே... முதல் தடவைன்னு..."

பிரமிளா இடுப்பில் கை வைத்தாள்.

"போன செவ்வாய்க்கிழமை நான் பட்டினி, மேடம்!"

கத்தரினின் முகம் இப்போதுதான் சிவந்தது. டீனைவிட அதிகமாய்!

"அது... வந்து... விசாரணைக்காக..."

லெட்சுமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விறைப்பாய் நிமிர்ந்து நின்றார்.

"மேடம், ஒரு பணியாளர் மேல திருட்டுப் புகார் குடுக்கணும். உங்க விதிப்படி அதை மனிதவளத் துறைத் தலைவிகிட்ட நேர்லதான் குடுக்கணுமாம்... அவங்க அந்த நண்டை முடிக்கிற வரைக்கும் வெளிய வெயிட் பண்ணவா?"