கொதிநீர் ஊற்றியது யார்

கொதிநீர் ஊற்றும்போதெல்லாம் சமையலறைத் தொட்டியின் துளை, கையைச் சுட்டுக்கொண்டவர் மூச்சை இழுப்பதுபோல 'ஸ்ஸ்' என்றது. கொரியாவின் பூசான் நகர மீன் சந்தையில் பகலெல்லாம் கானாங்கெளுத்தி அரிந்துவிட்டு, முதுகைப் பிடித்தபடி மாடியேறும் கும்ரேக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. தொட்டி அடைத்துக்கொள்ளும்; கெண்டி நிறையக் கொதிநீர் ஊற்றினால் கொழுப்பு கரையும் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள்; ஊற்றினாள். கரைந்தது. ஆனால் அதோடு துளைவழி ஏறிவந்த வாடை மீன் வாடையில்லை, ஊறவைத்த முட்டைக்கோசு வாடையுமில்லை. வெந்த தோலும் பொசுங்கிய மயிரும் கலந்தாற்போல அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டு, சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

சந்தை விடுமுறையான ஒரு மழைப் பகலில் கீழ்வீட்டு சீலிங் ஊறி, வீட்டுக்கார அம்மா சம்வோலின் மெத்தைமேல் சொட்டியது.

"அடியே கும்ரே, இறங்கி வா! என் வீட்டுக்குள்ளயே என்னைக் குடை பிடிக்க வச்சிட்டியே!"

கும்ரே இறங்கிப் போனபோது பிளம்பர் கில்சு ஏணியில் நின்று சீலிங் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். கிழவி கீழே நின்று நியாயம் சொன்னாள்.

"குழாய் வயசாகி வீணாப்போயிருந்தா என் செலவு. நீ கெடுத்திருந்தா, சீலிங், மெத்தை, சுவர்க் காகிதம் அத்தனையும் உன் அட்வான்ஸ்ல கழியும். அப்புறம் நீ பெட்டியைக் கட்டலாம்."

அந்த அட்வான்ஸைத் தவிர கும்ரேயிடம் வேறொன்றும் இல்லை. அது போனால் இந்தக் குளிரில் எந்தக் கதவும் திறக்காது.

"கொதிக்கக் கொதிக்க ஏதாச்சும் ஊத்துனியாம்மா?" என்றார் கில்சு. "இது பிளாஸ்டிக். சூட்டுக்கு இளகிடும்."

"இல்லண்ணே."

"எங்க ஊர்ல சுடுதண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, 'விலகிக்கோ'ன்னு குரல் கொடுப்பாங்க. உள்ள இருக்கிற உசுருக்காக."

"உள்ள என்ன உசுரு, கரப்பான்தான். அதுங்ககிட்டயும் வாடகை வாங்கணும்," என்றாள் கிழவி.

சிரித்துக்கொண்டே குழாயை அறுத்தார் கில்சு. துண்டு கையில் வந்ததும் சிரிப்பு நின்றது. இளகித் தொய்ந்திருந்த அதன் வயிற்றில் புடைப்புகள். உள்ளிருந்து வெளியே அழுத்திய புடைப்புகள். நான்கு வரிசையாக. ஒன்று தள்ளி. அதற்கு மேலே மறுபடியும். அதற்கும் மேலே. உட்புறத்தில் பாலாடைபோல ஏதோ ஒட்டியிருந்தது.

ஏணியிலிருந்து இறங்கி, துண்டைத் தரையில் வைத்தார். பையை எடுத்தார்.

"எனக்குக் கூலி வேணாம்மா."

கதவு சாத்திக்கொண்டது. மழைச் சத்தம் மட்டும்.

சம்வோலுக்குக் கண் மங்கல். துண்டை எடுத்து உள்ளே விரல்விட்டுத் தடவினாள். அவள் விரல்களுக்கு அந்தக் குழிகள் சிறியவை.

"பாத்தியா, இளகித்தான் போயிருக்கு! நீதான்டி ஊத்தியிருக்க!"

கும்ரே அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, மாடியிலிருந்து இறங்கும் அறுபட்ட குழாயின் வாயைப் பார்த்தாள். சொட்டுவது நின்றிருந்தது.

விளிம்பில் ஒரு விரல்.

தோல் இல்லை.

இன்னொன்று. இன்னொன்று. விளிம்பைப் பற்றின.

"வாயைத் திற. யார் ஊத்துனது?"

விரல்கள் அசையாமல் நின்றன. அவையும் கேட்டுக்கொண்டிருந்தன.

அட்வான்ஸ். குளிர். பெட்டி. எதை நினைத்தாளோ, கும்ரேயின் கை தானாகக் கிழவியை நோக்கி நீண்டது.

"நீங்கதாம்மா. நான் வேலைக்குப் போனப்ப உங்க சாவியால திறந்து, நூடுல்ஸ் வேகவச்ச தண்ணிய நீங்கதான் ஊத்துனீங்க."

"அடிப் பாவி! நானா?"

மேலேயிருந்து கை இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை. அதற்குப் பின்னும் இறங்கியது. அவசரமே இல்லை. கிழவியின் நரைத்த சுருட்டை முடிக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்தன.

"பாரு, இன்னும் சொட்டுது," என்று முனகிக்கொண்டே, உச்சந்தலையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள் சம்வோல்.