கண்ணாடிக்குள் ஒரு வெள்ளிக்கிழமை

இணையத்தில் வாடகை வீடு தேடப் போன இடத்தில், காணாமற்போன கணவரைக் கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு யோகமலர் கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடைக்கு வந்தாள். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை அது. அந்த நேரம் பார்த்து நவரத்தினத்தார் அறையில் இல்லை. ஒரு நகல் எடுப்பதற்காக நீதிமன்றப் பதிவறைக்குப் போயிருந்தார்.

நவரத்தினத்தார் முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து, மூன்று மொழிகளிலும் பொய்ச்சாட்சி கேட்டு அலுத்துப்போய் ஓய்வு பெற்றவர். அதன்பிறகு, தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று பெயர் பரவிவிட்டது. அவருக்குத் தட்டெழுத்து வேலைக்கென்று சேர்ந்த அருந்ததிக்கோ, துப்பறிவதில் தனக்குப் பிறவியிலேயே மூக்கு இருக்கிறது என்று அசைக்க முடியாத நம்பிக்கை. இரண்டு வருடத்தில் அந்த மூக்கு இரண்டொரு தடவை சரியாக மணம் பிடித்ததும் உண்டு. ஆகவே ஐயா வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள், குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு.

யோகமலரின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவர். 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டியபோது அவர் கொழும்பில், அவள் யாழ்ப்பாணத்தில். டிசெம்பரில் ஒருநாள் வேலை முடிந்து கிளம்பியவர் வெள்ளவத்தை லொட்ஜுக்குத் திரும்பவில்லை. அவரைத் தேடிக் கப்பலேறி வந்தவள், இப்போது அதே லொட்ஜில் இருந்தாள். அங்கேயும் தமிழர்களைப் பொலிஸார் இனி இருக்கவிடமாட்டார்கள் என்ற பேச்சு வந்ததால் பிரவுசிங் சென்ரரில் உட்கார்ந்து வீட்டு விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"நான் வாறதுக்கு முந்தி வீடு பாத்து வைக்கிறன் எண்டு சொன்னவர்," என்றபடி அவள் ஓர் அச்சுத்தாளை நீட்டினாள். "இது செவ்வாய்க்கிழமைதான் போட்ட விளம்பரம்."

கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் சமைக்கக் குசினியும். தளபாடம் இல்லை, அமைதியான குடும்பத்துக்கு மட்டும், தொலைபேசி எண். கீழே ஒரே ஒரு படம். அறையின் மூலையில் ஆளுயரக் கண்ணாடி பதித்த அலுமாரி, அந்தக் கண்ணாடிக்குள் கமராவை நெஞ்சளவில் பிடித்தபடி ஒரு மனிதர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு நாட்கலண்டர். பக்கத்துச் சன்னலுக்கு வெளியே வரிசையாகச் சிறு கொடிகளும், நிறக் கடதாசியில் ஏதோ ஒன்றும் தொங்கின.

"அவர்தான். ஆனா சட்டைப் பொக்கற் வலப்பக்கம் இருக்கு. அதுதான் எனக்கு ஒரு சந்தேகம். போன் எடுக்கவும் பயமாக் கிடக்கு. எங்கேயாவது ஒளிச்சிருந்தா, நான் போய்க் கேட்டு அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே."

அருந்ததி சிரித்தாள். "அக்கா, கண்ணாடியில இடம் வலமாத்தான் தெரியும். பொக்கற் சரியான பக்கத்திலதான் இருக்கு." பிறகு மேசை லாச்சியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கலண்டரின் மேல் வைத்தாள். அச்சு மங்கலாக இருந்தது. சிவப்பில் ஓர் இலக்கம், அதன் மேலே முழுநிலாக் குறி. நோன்மதி தினம், பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. இலக்கம் இருபத்தொன்று.

மார்ச் இருபத்தொன்று நோன்மதி. ஆறு நாட்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. வாயைக் கட்டிப்போட அருந்ததியால் முடியவில்லை.

"போன வெள்ளி உங்கட மனுசன் உயிரோட இருந்தவர் அக்கா."

யோகமலர் அழவில்லை. அருந்ததியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நாளைக்கு வருகிறேன் என்றுவிட்டு, படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனாள்.

நவரத்தினத்தார் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். படத்தை நெடுநேரம் பார்த்தார், விளம்பரத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"போன வெள்ளி என்ன நாள், பிள்ளை?"

"நோன்மதி, ஐயா."

"அவ்வளவும்தானோ?" என்று கேட்டுவிட்டு, அவள் விழித்ததைக் கண்டு மேலே பேசாமல் தொலைபேசியை எடுத்தார். வாடகைக்கு ஆள் தேடும் வீட்டுக்காரியிடம் மறுநாள் பின்னேரம் வருவதாகச் சொன்னார். பிறகு யோகமலரின் லொட்ஜுக்கு எடுத்தார். அவளைக் கூப்பிட்டுத் தர முடியாது என்றார் அங்கே எடுத்தவர். நாளைக்கு வரவேண்டிய முகவரியை மட்டும் சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவர் அருந்ததியோடு அதிகம் கதைக்கவில்லை. ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரி மெற்றில்டா அறுபதைத் தாண்டிய கத்தோலிக்கப் பெண். கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில், தன் வீட்டை ஒட்டியிருந்த அறையைத் திறந்துவிட்டார். யோகமலர் இவர்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு புதுச் சட்டை, கடைப் பையோடு.

"மெலிஞ்சிருப்பார். அதால கழுத்தளவு குறைச்சு வாங்கினனான்," என்று அருந்ததியின் காதோடு சொன்னாள்.

அறை வெறுமையாக இருந்தது. அலுமாரி இல்லை, கலண்டர் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. யோகமலர் குசினிக்குள் எட்டிப் பார்த்தாள், பின்கதவைத் திறந்து பார்த்தாள். "வெளியால போயிருக்கிறாரோ?" என்று மெற்றில்டாவைக் கேட்டாள். மெற்றில்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருந்ததிக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நிலத்தில் புதைந்து போகலாமா என்றிருந்தது.

"தங்கச்சி, இப்படி வாசற்படியில இருங்கோ," என்றார் நவரத்தினத்தார். சாட்சிக்கூண்டில் அழுகிறவர்களுடன் கதைத்துப் பழகிய குரல் அது. "விளம்பரத்தில தளபாடம் இல்லை எண்டு போட்டிருக்கு. படத்தில பெரிய அலுமாரி நிக்குது. அப்ப, படம் எடுத்த நாளும் விளம்பரம் எழுதின நாளும் ஒண்டில்லை. அம்மா, அந்த அலுமாரி எங்க?"

"அது வத்தளையில மகன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாச்சே," என்றார் மெற்றில்டா. "விளம்பரம் போடுறது மிலான்ல இருக்கிற மக. அவகிட்ட இருந்த படத்தைப் போட்டிருப்பா. எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது."

"ஆனா கலண்டர்?" யோகமலர் கேட்டாள். "இருபத்தொண்டு. இந்தப் பிள்ளை காட்டினவ."

"போன வெள்ளி நோன்மதி மட்டுமில்லை, பெரிய வெள்ளியும். கிறிஸ்தவர் கூடின கொட்டாஞ்சேனையில, யேசு இறந்த அந்தத் துக்க நாளில ஒருத்தரும் கொடி தொங்கவிடமாட்டினம். படத்தில சன்னலுக்கு வெளியால கொடி இருக்கு. நிறக் கடதாசியில ஒரு கூடும் இருக்கு. அது வெசாக் கூடு, மே மாசம் புத்தற்ற பண்டிகைக்குக் கட்டுற விளக்கு." அவர் படத்தைக் கையில் எடுத்தார். "சட்டைப் பொக்கற் இடம் வலமாகத் தெரியுது எண்டால், அதே கண்ணாடிக்குள்ள தெரியிற கலண்டரும் அப்பிடித்தான். அது இருபத்தொண்டில்லை, தங்கச்சி. பன்னிரண்டு."

நவரத்தினத்தார் படத்தை யோகமலரிடம் நீட்டினார்.

"பன்னிரண்டாம் திகதியில வந்த வெசாக், 2006 மே மாசம். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கந்தோர் லீவு. வீடு பாக்க வந்திருக்கிறார். அவர் காணாமல் போனது அந்த டிசெம்பரில."

பொக்கற்றை விளக்கிச் சிரித்தவள் தான்தான் என்பது அருந்ததிக்கு நினைவு வந்தது. பாதி அறிந்ததை முழுவதும் அறிந்ததாக நினைத்து, ஒரு மனுசியின் மடியில் உயிரோடு ஓர் ஆளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது மெற்றில்டா யோகமலரின் அருகில் வந்து குனிந்து பார்த்தார். "நீங்கதானா அந்தத் தம்பிட சம்சாரம்? வெசாக் அண்டைக்குக் கமராவோட வந்திச்சு. மகளுக்கும் படம் அனுப்பிச்சு. பிறகு ரோட்டு பூட்டினதும், வேற யாருக்கும் குடுக்காதீங்க, ரோட்டு திறந்தா வைஃப் வந்திடுவாங்கன்னு எழுதிச்சு. சும்மா பூட்டிக் கிடந்தா மணக்கும்னு சொல்லி ஞாயிற்றுக்கிழமையில வந்து சன்னலைத் திறந்து வைக்கும். டிசெம்பருக்குப் பிறகு வரல்ல. யார்கிட்டக் கேக்குறது? எனக்குப் பயம். இவ்வளவு நாளும் பாத்திட்டு, இனி வராதுன்னுதான் விளம்பரம் போடச் சொன்னேன்."

யோகமலர் எழுந்து சன்னலருகே போனாள். கொண்டியை எடுத்துத் திறந்தாள். அது இறுகிப்போயிருந்தது, இரண்டு தரம் தள்ள வேண்டியிருந்தது. பிறகுதான் அழுதாள். அந்த அழுகையை அருந்ததியால் நின்று கேட்க முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

"அக்கா, நான் அவசரப்பட்டு..."

"விடுங்கோ தங்கச்சி." யோகமலர் முகத்தைத் துடைத்தாள். "நேற்று ராத்திரி நான் நித்திரை கொண்டனான். அவர் போனாப் பிறகு நேற்றுத்தான் நித்திரை வந்தது."



யோகமலர் மெற்றில்டாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இந்த வீட்டை எனக்குத் தருவீங்களோ?"

மெற்றில்டா உள்ளே போய், வாடகைக்கு வருகிறவர்கள் பொலிஸில் பதிவதற்கான படிவத்தை எடுத்து வந்தார். தமிழ்ச் சனத்துக்கு அது இல்லாமல் கொழும்பில் தலைசாய்க்க இடமில்லை. வீட்டில் வசிப்போரின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். யோகமலர் தன் பெயரை இரண்டாவது வரியில் எழுதினாள். மேலே வெறுமையாக விட்ட முதல் வரியில் பேனையை வைத்தபடி நவரத்தினத்தாரைப் பார்த்தாள்.

"அவற்ற பேரையும் போடட்டோ, ஐயா?"

"போட்டால் பொலிஸ்காரங்கள் வந்து, ஆள் எங்க எண்டு கேப்பாங்கள், தங்கச்சி."

யோகமலர் எழுதத் தொடங்கினாள்.

"கேக்கட்டும். பதினைஞ்சு மாசமா நான் அவையளிட்டக் கேக்கிறதும் அதுதானே."