கூட்டத்தின் பக்கம் திரும்பிய மெய்விழி

அமைச்சர் தில்லைநாயகம் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மேடையின் மெய்விளக்கு இருபத்தேழாவது முறையாகச் சிவந்தது. கூட்டம் விசிலடித்தது. போன மாதம் வந்த எதிர்க்கட்சித் தலைவரால் பத்தொன்பதைத் தாண்ட முடியவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

மேடை ஓரத்தில் நின்றிருந்த எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மாவட்ட மெய்விளக்கு ஆய்வாளர். மெய்விழி என்கிற கண்ணாடிக் குமிழைப் பேசுபவரின் முகத்துக்கு நேராகப் பொருத்தி முத்திரை வைப்பது அவள் வேலை. நெற்றி நரம்பின் துடிப்பையும் குரலின் நடுக்கத்தையும் அது எடைபோடும். தானே நம்பாத ஒன்றை ஒருவர் சொன்னால் மேலேயுள்ள மெய்விளக்கில் சிவப்பு. நம்பிச் சொன்னால் பச்சை.

மேடைதோறும் மெய்விளக்கு வேண்டும் என்ற சட்டம் வந்த முதல் ஆண்டு இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அடுத்த ஆண்டு ஒருவரும் விலகவில்லை. அதற்கடுத்த ஆண்டு மக்கள் சிவப்பை எண்ணி ரசிக்க ஆரம்பித்தார்கள். ஆளுங்கட்சியின் 'எழுச்சி' தொலைக்காட்சி எதிர்க்கட்சியின் சிவப்பை மட்டும் காட்டியது. எதிர்க்கட்சியின் 'போர்க்கொடி' ஆளுங்கட்சியின் சிவப்பை மட்டும். பச்சை எரிந்தால் சேனலை மாற்றினார்கள்.

இன்றைய பேச்சு மணலோடைப் புதுப் பாலத்தைப் பற்றி. நாளைக் காலை அதில் முதல் பேருந்து போகிறது. ஓட்டுநர் பால்ராஜ், எஸ்தரின் கணவர். போன மாத வெள்ளத்தில் மூன்றாவது தூண் சாய்ந்ததை ஊரே பார்த்தது. அதைப் பூசி, வெள்ளையடித்து மறைத்ததையும் பார்த்தது. ஊரில் பாதிப்பேர் அங்கே கலவை சுமந்தவர்கள். சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும்.

காலையில் அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"நம்ம கட்சி கட்டுன பாலம். நானே ஓட்டலன்னா அவனுங்க சிரிக்க மாட்டானுங்களா?" என்றார் பால்ராஜ்.

"உறுதியா இருக்குன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"வீட்லயும் வெளக்கு வச்சிருக்கியாக்கும்?" என்று சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பினார். இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாலம் நூறு ஆண்டு நிற்கும் என்றார் அமைச்சர். இருபத்தெட்டு. பிறகு, எல்லாக் கூட்டத்திலும் கேட்பதைக் கேட்கக் கையை உயர்த்தினார். அந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் பேரும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம்.

மெய்விழி பேசுபவர் முகத்தை நோக்கி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இப்போது பேசப்போவது கூட்டம். எஸ்தர் இரும்பு ஏணியில் ஏறினாள். தான் வைத்த முத்திரையைத் தானே உடைத்துக் குமிழைத் திருப்பினாள்.

"பாலம் உறுதியா, இல்லையா?" என்று கேட்டார் அமைச்சர்.

"உறுதி!"

அமைச்சரின் முதுகுக்குப் பின்னால், மெய்விழி பார்ப்பதைக் காட்டும் பெருந்திரையில் ஊரின் முகங்கள் நிறைந்தன. ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு சிவப்புப் புள்ளி. பச்சை மொத்தம் மூன்றே பேருக்கு. லாரியில் அழைத்து வரப்பட்ட வெளியூர்க்காரர்கள், பாலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

திரையைப் பார்க்காத அமைச்சர், சத்தம் போதவில்லையே என்று மறுபடி கேட்டார். கூட்டம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பால்ராஜ் திரையில் தன் முகத்தைக் கண்டுபிடித்தார். பிறகு பக்கத்திலிருந்த நடத்துநரின் முகத்தை.

"உமக்கும் தெரியுமா வே?" என்றார் மெதுவாக.

"ஊருக்கே தெரியும் போலிருக்கே," என்றார் நடத்துநர்.

முதல் செருப்பு பறந்தது. அது மேடையை நோக்கி வரவில்லை. மெய்விழியை நோக்கி வந்தது.

"எங்களைப் பொய்யன்னு சொல்ல நீ யாரு?" என்று ஒருவர் கத்தினார்.

"நான் சொல்லலண்ணே," என்றாள் எஸ்தர், ஏணியிலிருந்து இறங்காமல். "நீங்கதான் சொன்னீங்க."

மறுநாள் நாதஸ்வரம் முழங்க அமைச்சர் நாடாவை வெட்டினார். பேருந்தில் ஒருவரும் ஏறவில்லை. பாலம் உறுதியில்லை என்று நேற்று வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. இன்று எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பால்ராஜ் இறங்கி வந்து அமைச்சரிடம் சாவியை நீட்டினார்.

"மொதல் தடவை நீங்க ஓட்டிக் காட்டுங்கய்யா. நாங்க கைதட்டுதோம்."

அமைச்சருக்கு வேறொரு விழா நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம், மறுகரையிலுள்ள எஸ்தரின் அலுவலகத்துக்கு ஒரு தூதுக்குழு வந்தது. வரலாற்றில் முதல்முறையாக இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு. மக்களை அவமதித்த ஆய்வாளரை நீக்க வேண்டும். மெய்விழியை மக்கள் பக்கம் திருப்புவதைத் தடைசெய்ய வேண்டும். 'எங்கள் பாலம் உறுதியானது என்று மனதார நம்பும் நாங்கள்' என்று அது தொடங்கியது.

எஸ்தர் முழுவதும் படித்தாள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"பத்து மணிக்கு வர்றதாச் சொன்னீங்க. மணி பதினொண்ணாகுது. பாலத்துல வந்தா பத்து நிமிஷம்தானே?"

அவர்கள் செருப்புகளில், முப்பது கிலோமீட்டர் சுற்றிவரும் பழைய அணைச்சாலையின் செம்மண் படிந்திருந்தது.

அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசலில் செம்புழுதி படிந்த பேருந்து நின்றது. அவர்களை அதில் ஏற்றிச் சுற்றுப்பாதையில் ஓட்டிவந்த பால்ராஜ், அவளைப் பார்த்து ஒருமுறை ஹாரன் அடித்தார்.