கரை நகரும் அளவு

“ஒரு சாணா? ஒரே ஒரு சாணா? காலையில நிலம் நடுங்கி அலமாரியில இருந்த பாத்திரமெல்லாம் உருண்டுச்சு, நீ சாண் கணக்கு சொல்றியா!”

“கத்தாதீங்க. தெருவே கேக்குது.”

தெரு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்காகவே பக்கத்து வீட்டில் நாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்திருந்தோம். கத்தியவர் பல் டாக்டர். திட்டு வாங்கியவள் அவர் மனைவி, சுரங்கத்து இன்ஜினியர். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலைபோல் நின்ற மண்கரை, சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருப்பது. நிலம் நடுங்கினால் அது எவ்வளவு நகரும் என்று கணிப்பது அவள் வேலை. ஒரு சாண் என்று கணித்திருந்தாள். அந்தச் சாணை நம்பித்தான் நாங்கள் மாடி எடுத்துக் கட்டினோம்.

“நான் கிளம்பினா எல்லாரும் அலறிட்டு ஓடுவாங்க.”

“அப்ப நீயே காவல் காத்துக்க. பாப்பாவ அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

கார் போய்விட்டது. மாமியாருக்கு அன்று வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும்.

மாலையில் அவள் கொல்லையில் அளவைக் கருவியை நிறுத்தி, கரையின் உச்சியில் வரிசையாக நட்டிருந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தாள். நடுக்கல் மட்டும் வரிசையை விட்டு வீட்டுப் பக்கம் தள்ளி நின்றது. சரியாக ஒரு சாண். சிரிப்புகூட வந்தது, சொல்லிக் காட்டத்தான் வீட்டில் ஆளில்லை.

மறுபடி பார்த்தாள். ஒன்றரை.

காற்றில்லை, தரையில் அசைவில்லை, ஆனாலும் துருவும் ஈரமண்ணும் கலந்த வாடை வேலியைத் தாண்டி வந்து தொண்டையில் உட்கார, கனத்த உடம்பொன்று தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் கரைக்குள்ளிருந்து ஒரு நீண்ட சத்தம் கேட்டது. நடுக்கம் நின்றால் நகர்வும் நிற்கும் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தாள்? வெயிலில் காய்ந்து வெடித்த சேற்றின்மேல் நடந்து பார்த்து, உள்ளேயும் அதே கெட்டி என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஈரம் குடித்த மண் குலுங்கினால் கஞ்சியாகிவிடும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு சாண்.

உள்ளே ஓடி, அபாயச் சங்கு ஊதும் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள்.

“உங்க ரிப்போர்ட்ல அப்படி இல்லையேம்மா?”

“என் கணக்கு தப்பு சார். ஊதுங்க.”

“எழுத்துல குடுத்தீங்கன்னா...”

“ஊதுய்யா!”

சங்கு அலறியது. தெரு முழுக்கச் செருப்புச் சத்தம், குழந்தைகளைக் கூப்பிடும் குரல்கள், வண்டிகள். பிறகு அதுவும் தேய்ந்தது. தன் பெயரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டாள். இல்லை.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. சன்னலுக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறச் சேறு ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக. சத்தமே இல்லாமல். சமையலறைச் சன்னல் மூடியது. கூடத்துச் சன்னல். விளக்கு அணைந்தது. காலடியில் ஜில்லென்றது.

தெருவில் மற்ற எல்லோரும் பிழைத்தோம். பல் டாக்டர் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டார். பாப்பா ஹாஸ்டலில். நாங்கள் மகன் ஊருக்கே குடிபோய்விட்டோம். சேறு இறுகியபின் அவளைத் தோண்டி எடுக்கப் போன ஆட்கள் ஒரே நாளில் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். கூடத்துச் சன்னல்வரை தோண்டினார்களாம். கண்ணாடி உடையவில்லை. உட்புறம் கூரைவரை சேறு. கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் உள்ளிருந்து பளிச்சென்று துடைத்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அந்த இடம் வட்டம் வட்டமாக அகலமாகிக்கொண்டிருந்தது.